தெரியாது என்று சொல்லத் தெரியாத சிப்

பரணிலிருந்து இறக்கும்போதே மூன்று பேரும் தும்மினோம். மதுரை கீழமாசி வீதியில் மாமாவுக்குப் பலசரக்கு மொத்தக் கடை. மிளகாய் வற்றல் மூட்டைக்கு மேலே முப்பது வருடம் சாக்குப் போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டர் வேறு எப்படி இருக்கும்? மூடியைத் திறந்தால் மதர்போர்டு முழுக்கச் செம்மண் பூசியதுபோல இருந்தது. அதைத் தொட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு.

"காயலாங்கடையில போட்ருவோம்னு பத்து வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன் மாப்ள. உங்க அத்தை விட்டாத்தானே" என்றார் மாமா.

அத்தை விடாததற்குக் காரணம் மானிட்டரின் நெற்றியில் இருந்தது. சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் போன வருடச் சந்தனம். கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திய பிறகும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஏணி போட்டு ஏறிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பொட்டு வைத்த பொருளை எடைக்குப் போடுவது எப்படி?

1988 கடைசியில் வாங்கியது. ஐபிஎம் பிசி எக்ஸ்டியைப் பார்த்துச் செய்த உள்ளூர் அசெம்பிள் மெஷின். 512 கேபி நினைவகம், 360 கேபி ஃபிளாப்பி டிரைவ் இரண்டு, ஹார்டு டிஸ்க் கிடையாது, ஆரஞ்சு எழுத்து மானிட்டர், முன்பக்கம் டர்போ பட்டன். அமுக்கினால் 8 மெகாஹெர்ட்ஸ், விட்டால் 4.77. மாமா அதில் டிபேஸில் சரக்கு இருப்பும், வேர்ட்ஸ்டாரில் வெளியூர் வியாபாரிகளுக்கு நினைவூட்டுக் கடிதமும் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அது வேண்டியிருந்தது வேறு காரணத்துக்கு. 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து திருநகர் வீட்டுக்குத் திரும்பியபோது, பொழுது போகாமல் ஒரு குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுத ஆரம்பித்தேன். பெயர் அணில். யுனிக்ஸ் ஜாதி: ஃபோர்க், எக்ஸெக், பைப் என்று அதற்கே உரிய வசதிகள், ஒரு எளிய ஃபைல் சிஸ்டம், கட்டளை வாங்குகிற ஒரு ஷெல். எக்ஸ்டிக்கு அப்புறம் வந்த 386 சிப்புக்கு எழுதியது. லேப்டாப்பில், சிப்பைப் போலி செய்யும் க்யூஎமு என்ற எமுலேட்டருக்குள் அழகாக ஓடும். ஆனால் எமுலேட்டருக்குள் மட்டும் ஓடுகிற கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையம்), ஒத்திகை மட்டும் நடந்த நாடகம் மாதிரி. நிஜ இரும்பில் ஓட வேண்டும், அதுவும் பழைய இரும்பில் ஓட வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

உடனே சுவிட்ச் போட்டிருப்பேன். சிம்மக்கல்லில் மாடியில் யுபிஎஸ்ஸும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவர்தான் தடுத்தார். "எடுத்த எடுப்புல கரண்ட் குடுத்துறாதீங்க தம்பி. அந்தக் காலத்து டேன்டலம் கெப்பாசிட்டர் பட்டாசு மாதிரி வெடிக்கும்." எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, லோடு கொடுத்து, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் போர்டில் மாட்டவிட்டார். மாட்டும்போது பழைய மெக்கானிக்குகளின் மந்திரத்தையும் சொன்னார்: ரெண்டு கனெக்டரிலும் கருப்பு வயர் நடுவில் சேரணும். மாற்றி மாட்டினால் போர்டு போச்சு.

பெட்டி உயிரோடு இருந்தது. பீப் என்று ஒரு சத்தம், அப்புறம் மெமரியை எண்ண ஆரம்பித்தது. 512 வரை எண்ணி முடிப்பதற்குள் நான் டீயில் பாதியைக் குடித்துவிட்டேன்.

இனிமேல்தான் வேலை.

லினக்ஸை ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு: 1991ல் லினக்ஸ் பிறந்ததே 386ல்தான். மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காவல் காக்கும் வன்பொருளை நம்பி எழுதப்பட்டது அது. அந்த 386ஐயே 2013ல் வந்த 3.8 பதிப்போடு கழற்றிவிட்டார்கள். எக்ஸ்டி வகை மெஷினின் 8088 சிப்புக்கு வேண்டுமென்றால் டேனன்பாம் 1987ல் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் பெரும்பங்கு உழைத்த ஆலன் காக்ஸ் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிவைத்த எல்க்ஸ் இருக்கிறது. இன்றைக்கும் ஆட்கள் அதைத் தட்டிக் கொட்டி வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்க்ஸைப் போட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வீட்டுச் சாம்பாரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நான் சமைத்தேன் என்று சொல்ல முடியாதே.

8088ல் முதல் தலைவலி முகவரி. இந்த சிப் மொத்தம் 1 எம்பி வரை பார்க்கும்; அதற்கு 20 பிட் முகவரி வேண்டும். ஆனால் சிப்புக்குள் எண்ணை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்கள் எல்லாம் 16 பிட். அதனால் முகவரியை இரண்டு துண்டாகச் சொல்லணும்: செக்மென்ட், ஆஃப்செட். செக்மென்ட்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் நிஜ இடம் வரும். மதுரைக்காரனுக்கு இது புரியாத விஷயமே இல்லை. யாராவது இங்கே கதவிலக்கம் சொல்லி வழி கேட்டிருக்கிறார்களா? "டவுன்ஹால் ரோட்டு முக்கில இருந்து நாப்பதடி" என்பார் ஒருவர். "அங்கிட்டு அந்த லாட்ஜுல இருந்து பத்தடி" என்பார் இன்னொருவர். கடை ஒன்றுதான். செக்மென்ட் 100, ஆஃப்செட் 20 என்றாலும் 1620. செக்மென்ட் 101, ஆஃப்செட் 4 என்றாலும் அதே 1620. ஒரே ஒரு பைட்டுக்கு இப்படி 4,096 பெயர் வரை இருக்கலாம்.

இதில் நான் விழுந்த பள்ளம்: முகவரியை வைத்திருக்கும் இரண்டு பாயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று அப்படியே ஒப்பிட்டேன். ஒன்று லாட்ஜிலிருந்து அளந்தது, மற்றது முக்கிலிருந்து அளந்தது. சமமில்லை என்று வந்தது. ஏற்கெனவே விடுவித்த மெமரியை மறுபடி விடுவித்து, ஒரே இடத்தை இரண்டு பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டேன். நில விவகாரம் மாதிரியே இதுவும் ரொம்ப நாள் கழித்துத்தான் வெடித்தது.

முழு எண் 32 பிட்டிலிருந்து 16 பிட்டானது, அதனால் 40 கேபி ஃபைலின் அளவு மைனஸில் போனது, இதெல்லாம் எல்லோரும் படுகிற பாடு. விட்டுவிடுகிறேன்.

ரசித்துச் செய்த வேலை, இடம் மிச்சம் பிடித்ததுதான். 386 பதிப்பில் 64 ப்ராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) இடம் வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் கெர்னலுக்குள் ஓடும்போது பயன்படுத்த 4 கேபி ஸ்டாக், அதாவது தற்காலிகக் குறிப்புகளை அடுக்கி வைக்கும் இடம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். கணக்குப் போட்டால் அதுவே 256 கேபி. மாமாவின் மொத்தக் கம்ப்யூட்டரில் பாதி, இன்னும் ஒரு நிரலைக்கூட ஏற்றாமலே! விருந்துக்கு வந்தவர்கள் உட்காரும் முன்னால் பந்தல் காலே பாதித் தெருவை அடைத்துக்கொண்ட கதை.

ப்ராசஸ் 64லிருந்து 10 ஆனது. ஸ்டாக்கை எவ்வளவு குறைக்கலாம்? இதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. எலி எந்த வழியாக வருகிறது என்று பார்க்க ராத்திரி தரையில் கோலமாவைத் தூவி வைப்பார்கள். காலையில் தடம் தெரியும். அதேபோல ஸ்டாக் முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்பிவிட்டு, கெர்னலை நன்றாக ஓடவிட்டு, பிறகு எதுவரை மாவு கலைந்திருக்கிறது என்று பார்க்கணும். பெரும்பாலான ப்ராசஸ்கள் 300 பைட்டுக்கு மேல் தொடவே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் 4 கேபியில் 900 வரை போயிருந்தது. குற்றவாளி என்னுடைய சொந்த பிரின்ட்எஃப். ஒரு வரியை அச்சடிக்க உள்ளுக்குள் 512 பைட்டு இடம் பிடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக நேரடியாகத் திரைக்கு அனுப்பும்படி மாற்றியதும் 640 பைட்டு ஸ்டாக் தாராளமாகப் போதும் என்றானது. 256 கேபி இருந்த இடத்தில் இப்போது ஆறரை கேபிகூட இல்லை. அன்றைக்கு ராத்திரி யாரிடமாவது சொல்லணும் போலிருந்தது. மனைவியிடம் சொன்னேன். "மிச்சமான இடத்துல என்ன வைப்பீங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

ஃபோர்க்தான் அடுத்த கண்டம். யுனிக்ஸில் ஒரு ப்ராசஸ் தன்னைப்போலவே இன்னொன்றைப் பெற்றெடுக்கும். அதற்குப் பெயர் ஃபோர்க். 386ல் மெமரிப் பக்கங்களை இரண்டு பேரும் பங்குபோட்டுக்கொண்டு, எழுதும்போது மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம். 8088ல் அந்த வசதி கிடையாது. தாயின் டேட்டா செக்மென்ட்டை முழுசாக நகல் எடுத்தே ஆகணும். இன்டெல் கையேட்டுக் கணக்குப்படி நகல் கட்டளை இரண்டு பைட்டுக்கு 25 கிளாக் எடுக்கும். 64 கேபிக்கு 8,19,200 கிளாக். 4.77 மெகாஹெர்ட்ஸில் இது 0.17 விநாடி. ஷெல்லில் ஒரு கட்டளை அடித்தால், அந்த நகலை எடுத்த மறுநொடியே எக்ஸெக் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு நிரலை ஏற்றப்போகிறது. எரிக்கப்போகிற கடுதாசியை உட்கார்ந்து பிரதி எடுத்த மாதிரி. 1979லேயே பெர்க்லி ஆட்கள் இதற்கு விஃபோர்க் என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: பிள்ளை தனிக்குடித்தனம் போகும்வரை தாய் வீட்டிலேயே இருக்கட்டும், அதுவரை தாய் தூங்கட்டும். ஷெல்லுக்கு அதைப் போட்டேன். மெஷின் மூச்சு விட்டது.

அப்புறம் ஃபிளாப்பி. மாமாவின் டிரைவ் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்ததில் பஞ்சு மிளகாய்ப்பொடி நிறத்துக்கு வந்தது. ஆனாலும் டிரைவ் படித்தது. இரண்டு வாரம் ஒழுங்காகப் படித்த அதே டிரைவ், ஒருநாள் கெர்னலில் சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனைச் சேர்த்ததும் படிக்க மறுத்தது. மெஷினோடு வரும் அடிப்படை நிரலான பயாஸ், பிழை எண் 9 என்றது. ஃபங்ஷனை எடுத்தால் படிக்கிறது. சேர்த்தால் 9. பேய் பிடித்ததென்றே நினைத்தேன்.

காரணம் டிஎம்ஏ சிப். ஃபிளாப்பியிலிருந்து மெமரிக்கு டேட்டாவைச் சுமந்து போகும் 8237 சிப்புக்கு 16 பிட் வரைக்கும்தான் எண்ணத் தெரியும். மேலே உள்ள நாலு பிட் தனியாக வேறொரு ரெஜிஸ்டரில் அசையாமல் நிற்கும். பழைய டிவிஎஸ் மொபெட்டின் கிலோமீட்டர் மீட்டர் 99999க்குப் பிறகு 00000 ஆவதுபோல, 64 கேபி எல்லையைத் தாண்டும்போது எண் சுற்றிக்கொண்டு அந்த 64 கேபியின் ஆரம்பத்துக்கே போய்விடும். அங்கே இருப்பதன் தலையில் டேட்டாவைக் கொட்டும். பயாஸ் புத்திசாலி, எல்லையைத் தாண்டும் பஃபர் (டேட்டா வந்து இறங்கும் இடம்) என்று தெரிந்தால் 9 என்று சொல்லி நின்றுவிடுகிறது. நான் சேர்த்த ஃபங்ஷன் பஃபரைச் சரியாக அந்தக் கோட்டின்மேல் நகர்த்தி வைத்திருக்கிறது. பஃபரின் இடத்தை நிரந்தரமாக்கினேன், தீர்ந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மொத்தக் கதையிலும் மெஷின் "இது முடியாது" என்று வாய் திறந்து சொன்ன ஒரே இடம் இதுதான். அதுவும் சொன்னது சிப் இல்லை. பயாஸை எழுதிய யாரோ ஒரு புண்ணியவான்.

பத்து வாரத்தில் மாமா கடையில் அணில் ஓடியது. ஷெல் வந்தது, கட்டளைகள் வேலை செய்தன, இரண்டு நிரல்கள் பைப் வழியாகப் பேசிக்கொண்டன. நான் மிதந்துகொண்டிருந்தேன். அந்த மிதப்பில் ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் மாடி ஏறினேன். அண்ணனிடம் பீரோவுக்குள் இன்னொரு எக்ஸ்டி போர்டு இருந்தது. ஒரு ஸ்கூல் லேபைக் காலிசெய்தபோது வந்ததாம். அதே வகை பயாஸ், அதே வகை கார்டு, 640 கேபி. மாமா மெஷினைவிட வசதியான வீடு.

ஃபிளாப்பியைப் போட்டார். அணில் என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது. அவ்வளவுதான். கர்சர் உறைந்துவிட்டது.

திரும்பப் போட்டார். இந்த முறை திரை முழுக்கக் குப்பை. மூன்றாவது முறை ஸ்பீக்கர் ஒரே சுதியில் ஒப்பாரி வைத்தது. பவரை அணைத்த பிறகுதான் நின்றது.

"ஃபிளாப்பி ஊத்திக்கிச்சோ?" என்றார் அண்ணன். ஃபிளாப்பியை மாமா மெஷினுக்குக் கொண்டு போனால் ஓடுகிறது. இங்கே வந்தால் சாகிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இந்த மாதிரி மெஷினில் பிழை தேடித் தரும் டீபக்கர் எதுவும் கிடையாது. திரைக்கான மெமரியில் நேராக ஓர் எழுத்தைப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. இன்டரப்ட் என்றால் ஓடுகிற வேலையை நிறுத்தி வேறொன்றைக் கவனிக்கச் சொல்லும் அழைப்பு. அதைத் திறக்கும் முன் ஏ. டைமர் இன்டரப்ட்டுக்குள் பி. வெளியே வந்ததும் சி. டைமர் விநாடிக்கு 18.2 முறை அடிக்கும். முதல் அடியிலேயே கதை முடிகிறது என்று தெரிந்தது. ஏ வந்தது. பி வந்தது. சி வரவில்லை. அதற்குப் பதில் இன்னொரு பி வந்தது. அப்புறம் இன்னொன்று. ஒரு வரி முழுக்க பி. ஒரே ஒரு முறை உள்ளே போன ஆள் வெளியே வராமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறான்.

விடை என் மூளையில் உதிக்கவில்லை. அண்ணன் லென்ஸை எடுத்தார். போர்டின்மேல் குனிந்து, சிப்பை விரலால் துடைத்து, "இது இன்டெல் 8088. 78ன்னும் போட்ருக்கு, 81ன்னும் போட்ருக்கு. நல்ல சிப்புத்தான் தம்பி" என்றார். (78 மட்டும் இருந்தால் வில்லங்கம். அந்த முதல் பேட்ச் சிப்புகளில் ஸ்டாக் செக்மென்ட்டை மாற்றிக்கொண்டிருக்கும் நடுவிலேயே இன்டரப்ட் புகுந்துவிடும் குறை உண்டு.) பிறகு கேட்டார்: "உங்க மாமா பெட்டியில என்ன சிப்பு?"

நான் பார்க்கவே இல்லை. எக்ஸ்டி என்றால் 8088 என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழமாசி வீதியில் மூட்டைகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தேன். சிப்பின்மேல் என்.ஈ.சி. என்று இருந்தது, கீழே 70108 என்று ஓர் எண். போனில் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டார். "அது வி20 தம்பி! 8088 சாக்கெட்ல அப்படியே உக்காரும். கொஞ்சம் வேகம் கூடும்னு அப்ப நெறையப் பேரு கழட்டி மாத்துவாய்ங்க."

வி20 8088ன் அச்சு நகல் இல்லை. 1984ல் வந்த அந்த சிப்புக்கு, இன்டெல் 1982ல் 80186ல் சேர்த்த புதிய கட்டளைகளும் தெரியும். எனக்கும் அவை தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்தியும் இருந்தேன். எழுதியதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு "மைனஸ் 0" என்று கொடுத்தால் 8088க்கு எழுதும், "மைனஸ் 1" என்றால் 186க்கு. நிரல் கொஞ்சம் சின்னதாக வருகிறதே என்று ஆரம்பத்தில் எப்போதோ 1 போட்டு, மறந்து, அப்படியே கிடந்தது. போதாக்குறைக்கு டைமர் இன்டரப்ட்டின் வாசலில் கையால் எழுதிய அசெம்பிளியிலும் புஷ்-ஏ என்ற 186 கட்டளை. எல்லா ரெஜிஸ்டர்களையும் ஒரே மூச்சில் ஸ்டாக்கில் பத்திரப்படுத்தும் கட்டளை அது. க்யூஎமு 386ஐயும் அதற்குப் பிந்தியவற்றையும் போலி செய்வது. அதற்கு இதெல்லாம் சர்வசாதாரணம். வி20க்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், நான் யாருக்காக எழுதுவதாகச் சொல்லிக்கொண்டேனோ அந்த 8088.

சரி, தெரியாத கட்டளை வந்தால் சிப் என்ன செய்யணும்? 386ஆக இருந்தால் நின்று, தவறான கட்டளை என்று 6ம் எண் இன்டரப்ட்டைக் கிளப்பி, கெர்னலிடம் புகார் சொல்லும். அந்த ஏற்பாடே 80186லும் 286லும்தான் வந்தது. 8086ல் இருந்தது மொத்தமே 29,000 டிரான்சிஸ்டர், 386ல் 2,75,000. தெரியாததைக் கண்டுபிடித்து மறுப்பதற்கும் டிரான்சிஸ்டர் செலவாகும். 1978ல் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை. அதனால் 8088 எதையும் மறுப்பதில்லை. கட்டளையின் சில பிட்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, மிச்ச பிட்களுக்கு என்ன அர்த்தமோ அதைச் செய்துவிட்டுப் போகும்.

புஷ்-ஏயின் எண் ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில், 60. 8088க்கு 60ம் 70ம் ஒன்றுதான். 70 என்றால் "கணக்கில் ஓவர்ஃப்ளோ ஆகியிருந்தால் (விடை இடம் கொள்ளாமல் வழிந்திருந்தால்) இத்தனை பைட்டு தாண்டிக் குதி". எத்தனை பைட்டு? அடுத்து வரும் பைட்டுதான் தூரம். அடுத்து நான் எழுதியிருந்தது டேட்டா செக்மென்ட்டைப் பத்திரப்படுத்தும் கட்டளை. அது கட்டளையாக இல்லாமல் தூரமாக விழுங்கப்பட்டது. ஓவர்ஃப்ளோ இல்லாததால் குதிக்கவும் இல்லை. ஆக உள்ளே நுழையும்போது எந்த ரெஜிஸ்டரும் பத்திரமாகவில்லை, எக்ஸ்ட்ரா செக்மென்ட் ஒன்றைத் தவிர.

வெளியே வரும் வழி இன்னும் அழகு. முதலில் எக்ஸ்ட்ரா செக்மென்ட்டை எடு, எடுத்தது. டேட்டா செக்மென்ட்டை எடு. அது உள்ளே வைக்கப்படவே இல்லையே, அதனால் அடுத்து இருந்த திரும்பிப் போகும் முகவரியை எடுத்து அதில் திணித்துக்கொண்டது. அடுத்து பாப்-ஏ, புஷ்-ஏ வைத்ததைத் திரும்ப எடுக்கும் கட்டளை, ஹெக்ஸில் 61. 8088க்கு இது 71: "ஓவர்ஃப்ளோ ஆகாமலிருந்தால் குதி". தூரம்? அடுத்த பைட்டு. அடுத்த பைட்டு ஐரெட், அதாவது இன்டரப்ட்டை முடித்து வீட்டுக்குப் போ என்ற கட்டளை. அதன் எண் ஹெக்ஸில் சிஎஃப். தூரமாகப் படித்தால் மைனஸ் 49. ஆகவே 49 பைட்டு பின்னால் குதித்து, இன்டரப்ட்டின் நடுவில் வந்து விழுந்து, பி போட்டு, ஸ்டாக்கிலிருந்து இன்னும் இரண்டை உருவி, மறுபடி 49 பின்னால். வீட்டுக்குப் போ என்ற சொல்லையே நடந்து தீர்க்க வேண்டிய தூரமாக எடுத்துக்கொண்ட ஆளை என்ன சொல்வது?

இது ஒன்று. முகவரிக் கணக்கில் 16ஆல் பெருக்குவதற்கு நான்கு பிட் இடப்பக்கம் தள்ளுவேன். ஒரே கட்டளையில் நான்கு தள்ளுவதும் 186 காலத்து வசதி. 8088ல் ஒவ்வொன்றாகத் தள்ளலாம், அல்லது எண்ணிக்கையை சிஎல் ரெஜிஸ்டரில் வைத்துத் தள்ளலாம். நான் பயன்படுத்திய கட்டளையின் எண் ஹெக்ஸில் சி1. 8088 அதை சி3 என்று படிக்கும். சி3 என்றால் ரிட்டர்ன். கணக்குப் போடு என்று உள்ளே அனுப்பிய ஃபங்ஷன் பாதி வழியில் "முடிச்சுட்டேன்" என்று வந்து நிற்கிறது, கையில் கணக்கு இல்லை. மூன்று ஞாயிறு நான் பார்த்த குப்பைத் திரை, ஒப்பாரி எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

காலேஜில் 8085 சிப் கிட்டில் 3இ 05 என்று ஹெக்ஸ் கீபேடில் அடித்து மார்க் வாங்கிய தலைமுறை நான். ஆப்கோடு (கட்டளை எண்) அட்டவணையில் காலியாக இருந்த கட்டங்களைப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அட்டவணையில்தான் காலி. சிலிக்கானில் காலி என்று ஒன்று இல்லை.

சரிசெய்வதற்கு அரை நாள் ஆயிற்று. கம்பைலரில் 1ஐ 0 ஆக்கினேன். அசெம்ப்ளர் பெயர் நாஸம் (நாசம் இல்லை, ஆனால் அந்த வாரம் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை). அதில் "சிபியு 8086" என்று முதல் வரியில் எழுதினால் பிந்தைய கட்டளைகளை ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிடும். எழுதினேன். 41 இடத்தில் ஏற்க மாட்டேன் என்றது. அத்தனை பிழைச் செய்தியை அவ்வளவு சந்தோஷமாக நான் படித்ததே இல்லை. புஷ்-ஏ இருந்த இடத்தில் எட்டு புஷ், பாப்-ஏ இருந்த இடத்தில் எட்டு பாப். கெர்னல் ஒன்றரை கேபி பெருத்தது. சிம்மக்கல் மாடியில் சி என்ற எழுத்து வந்தபோது அண்ணன் யாரோ ஒருவருடைய யுபிஎஸ்ஸைச் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "வந்துருச்சா?" என்றார். "வந்துருச்சுண்ணே." "அப்ப கீழ போயி ரெண்டு பருத்திப்பால் சொல்லுங்க."

இப்போது கெர்னல் கிளம்பியதும் முதல் வேலையாக எந்த சிப் என்று பார்க்கிறது. ஓர் எண்ணை 32 முறை இடப்பக்கம் தள்ளச் சொல்வேன். 8088 அப்பாவி, சொன்னபடி 32 முறையும் தள்ளி, எண் முழுவதும் வெளியே விழுந்து பூஜ்யமாகும். 186லிருந்து வந்த இன்டெல் சிப்புகள் எண்ணிக்கையில் கீழ் ஐந்து பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். 32 அவற்றுக்கு பூஜ்யம். எண் அப்படியே இருக்கும். மறுக்கத் தெரியாத ஆளை அவனுடைய அப்பாவித்தனத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்கிறேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாமாவுக்கு ஒருநாள் முழுசாகக் காட்டினேன். கல்லாவிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரல் மறக்காமல் டி-ஐ-ஆர் என்று அடித்து என்டர் தட்டினார். அது டாஸ் என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கட்டளை. அணிலுக்குத் தெரியாது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் ஆங்கிலத்தில் சொன்னது.

"என்ன மாப்ள, டிர்ரே தெரியலங்குது?"

அதற்குப் பதிலாக எல்-எஸ் அடிக்கணும் மாமா என்றேன். அடித்தார். பட்டியல் வந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. மேலே இருந்ததில் "91-92 வரவு" என்று நீல மையில் எழுதியிருந்தது.

"இதுல என்ன இருக்குன்னு பாக்க முடியுமா? ஒரு ஆளு கணக்கு அப்ப தீரல. அவரும் போயிட்டாரு. சும்மாத்தான், ஞாபகத்துக்கு."

அது டாஸ் ஃபிளாப்பி. ஃபேட்12 ஃபைல் சிஸ்டம். என் கெர்னலுக்கு அதைப் படிக்கத் தெரியாது. 360 கேபி ஃபிளாப்பியில் மொத்தம் 354 கட்டம், ஒவ்வொன்றும் 1 கேபி. எந்தக் கட்டத்துக்கு அடுத்து எந்தக் கட்டம் என்ற பட்டியலில் ஒவ்வொரு பதிவும் 12 பிட், மூன்று பைட்டுக்குள் இரண்டு பதிவை மடித்து வைத்திருப்பார்கள். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மாமா கேட்டது அணிலிடம்.

எழுதிப் பார்த்ததில் அதற்கான பஃபரும் பட்டியலும் சேர்த்து 1,900 பைட்டு வேண்டும். கெர்னலின் 64 கேபி டேட்டா செக்மென்ட்டில் மிச்சம் 1,100. பிழைச் செய்திகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, வார்த்தையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் 340 வேண்டும்.